சிப்பும் சாமானியரும் – 19: நீல போர்டை வாங்கியவர்கள்

போன வாரம் பேசிக் ஸ்டாம்பில் நிறுத்தினோம். கலிஃபோர்னியாவின் பாரலாக்ஸ் நிறுவனம் 1992-இல் கொண்டுவந்த அந்தச் சின்னஞ்சிறு போர்டு, எலெக்ட்ரானிக்ஸை முறையாகப் படிக்காதவர்களும் மைக்ரோகண்ட்ரோலரைக் கையாள முடியும் என்று காட்டியது. பத்து வருடத்துக்கு மேல் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அதற்குத்தான் மவுசு. அதன் இடத்தைப் பிடித்த போர்டு வட இத்தாலியில், ஆல்ப்ஸ் அடிவாரத்தில், இவ்ரியா என்ற சிற்றூரில் 2005-இல் பிறந்தது. பெயர் ஆர்டுயினோ. நம் வாசகர்களில் பொறியியல் படித்த பலர் அதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்பதை இந்த வாரம் சுருக்கமாகவே சொல்லப்போகிறேன். யார் அதை வாங்கினார்கள், அவர்களிடம் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் விரிவாகப் பேச வேண்டும். அந்த போர்டில் இருந்த சிப்பை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கியிருக்கலாம். வாங்க ஆளைக் கண்டுபிடித்ததுதான் இவ்ரியாக்காரர்களின் சாதனை.

இவ்ரியா என்றால் ஒலிவெட்டி. 1908-இல் கமில்லோ ஒலிவெட்டி தட்டச்சு இயந்திரத் தொழிற்சாலை தொடங்கிய ஊர் அது. மேசைமீது வைத்துக்கொள்ளும் கணினிகளுக்கு முன்னோடியான ப்ரோகிராமா 101-ஐ 1965-இல் உலகத்துக்குக் கொடுத்ததும் அந்த நிறுவனம்தான். அந்தப் பெருமையெல்லாம் 1990-களின் கடைசியில் கரைந்துவிட்டது. 1997-இல் தன் கணினித் தொழிலையே ஒலிவெட்டி விற்றது. ஆனால் ஒரு பெரிய ஆலை தளர்ந்தாலும் அதைச் சுற்றி வளர்ந்த கைத்திறன் உடனே மறைந்துவிடுவதில்லை. சர்க்யூட் போர்டு தயாரிக்கும் சிறு பட்டறைகளும், பாகங்களைப் பொருத்தித் தரும் ஆட்களும் இவ்ரியாவைச் சுற்றி மிச்சமிருந்தார்கள். இது பின்னால் பெரிதும் உதவப் போகிறது.

2001-இல் டெலிகாம் இத்தாலியாவும் ஒலிவெட்டியும் பணம் போட, இன்டராக்‌ஷன் டிசைன் இன்ஸ்டிட்யூட் இவ்ரியா என்ற சிறு கல்வி நிறுவனம் அங்கே தொடங்கப்பட்டது. கில்லியன் க்ராம்ப்டன் ஸ்மித் அதன் இயக்குநர். மனிதர்களும் கருவிகளும் ஒன்றோடொன்று பழகும் விதத்தை வடிவமைப்பதுதான் அங்கே பாடம். வந்த மாணவர்கள் ஓவியம், கட்டடக்கலை, பொருள் வடிவமைப்பு என்று பல துறைக்காரர்கள். கையை நீட்டினால் எரியும் விளக்கு, ஆள் உட்கார்ந்தால் பேசும் நாற்காலி போன்றவற்றை அவர்கள் காகிதத்தில் வரைந்தால் மட்டும் போதாது, வேலை செய்யும் மாதிரியாகவே செய்துகாட்ட வேண்டும். 2002-இல் அங்கே சேர்ந்த மாசிமோ பான்சி இதைக் கற்பிக்கும் ஆசிரியர்களில் ஒருவர். அவர் கையில் இருந்த கருவி பேசிக் ஸ்டாம்ப். துணைச் சாமான்களோடு சேர்த்தால் அதன் விலை 100 டாலரை நெருங்கியது. மாணவர்கள் செய்ய நினைத்ததற்கு அதன் வேகமும் நினைவகமும் போதவில்லை. போதாக்குறைக்கு அதன் மென்பொருள் விண்டோஸை நம்பியது. டிசைன் மாணவர்களின் மேசையில் இருந்ததோ மேக்.

விலை குறைந்த சிப் அப்போது இல்லாமலில்லை. நார்வேயின் ட்ரோன்ஹைமில் ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வோலன் என்ற இரு மாணவர்களின் யோசனையில் உருவாகி, 1990-களின் பிற்பகுதியில் அட்மெல் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ஏ.வி.ஆர். வகை சிப்கள் சில டாலருக்கே கிடைத்தன. அப்படியானால் டிசைன் மாணவர்கள் அதை ஏன் வாங்கவில்லை?

பதிலைத் தெரிந்துகொள்ள, அந்தக் காலத்தில் ஒருவர் சொந்தமாக மைக்ரோகண்ட்ரோலர் பழக உட்கார்ந்தால் முதல் நாள் மாலை எப்படிக் கழியும் என்று பார்க்க வேண்டும். சிப்பை வாங்குவார். அதற்கு 5 வோல்ட் மின்சாரம் தர ஒரு ரெகுலேட்டர், துடிப்புக் கொடுக்க ஒரு கிரிஸ்டல், அதன் இரு பக்கமும் கெபாசிட்டர்கள், எல்லாவற்றையும் பிரெட்போர்டில் செருகுவார். எழுதிய நிரலைச் சிப்புக்குள் ஏற்ற ப்ரோகிராமர் என்று தனிக் கருவி வேண்டும். சில சமயம் அது சிப்பைவிடப் பல மடங்கு விலை. இன்னும் பழைய சிப் என்றால், தலையில் கண்ணாடி ஜன்னல் இருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதைப் புற ஊதா விளக்கின் கீழ் கால் மணி நேரத்துக்கும் மேலாக வைத்து அழிக்க வேண்டும். பிறகு பல நூறு பக்க விவரக் குறிப்பேடு, பிறகு அசெம்பிளி மொழி. இத்தனைக்கும் முடிவில் ஒரு எல்.இ.டி. எரிய வேண்டும். அது எரியாவிட்டால் கோளாறு ஒயரிலா, கேபிளிலா, நிரலிலா, சிப்பே போய்விட்டதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆர்வத்தோடு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தில்தான் எழுந்து போனார்கள். அவர்கள் விற்பனைக் கணக்கில் வராததால், அப்படி ஒரு கூட்டம் இருந்ததே சிப் கம்பெனிகளுக்குத் தெரியாது.

அந்தக் கூட்டத்துக்காக முதலில் வேலை செய்தவர் எர்னாண்டோ பர்ரகான். கொலம்பியாவிலிருந்து இவ்ரியாவுக்குப் படிக்க வந்த மாணவர். அமெரிக்காவில் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் ஓவியர்களுக்காக ப்ராசஸிங் என்ற எளிய நிரல் மொழியை 2001-இல் தொடங்கியிருந்தார்கள். அந்த ரீஸ் இவ்ரியாவுக்கு ஆசிரியராக வந்திருந்தார். ரீஸும் பான்சியும் வழிகாட்ட, பர்ரகான் தன் முதுகலை ஆய்வாக 2003-இல் வயரிங் என்ற அமைப்பை உருவாக்கினார். ப்ராசஸிங்கின் திரையைப் போன்றே ஒரு எளிய திரை, அதில் எழுதியதைச் சிப் புரிந்துகொள்ளும்படி மாற்றப் பின்னால் ஒளிந்திருக்கும் கம்பைலர், ஏ.டி.மெகா128 சிப் வைத்த ஒரு போர்டு. இன்று உலகம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் 'பின்மோட்', 'டிஜிட்டல்ரைட்' போன்ற கட்டளைகளை வகுத்தவர் அவர்தான். ஆர்டுயினோவின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பலரும் இவர் பெயரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. வெறுத்து எழுந்து போகவைத்த அந்த முதல் மாலையைச் சீர்ப்படுத்தியதில் பெரும்பங்கு பர்ரகானுடையது. 2016-இல் அவரே இந்த வரலாற்றைத் தன் பக்கத்திலிருந்து நீளமாக எழுதினார்.

வயரிங் போர்டு நல்ல போர்டு, ஆனால் அந்தச் சிப் தேவைக்கு மேல் பெரியது, விலையும் கூடுதல். 2005-இல் பான்சி, ஸ்வீடனின் மால்மோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஸ்பானியர் டேவிட் குவார்ட்டியெல்லெஸ், மாணவர் டேவிட் மெல்லிஸ் மூவரும் வயரிங்கின் மென்பொருளை எடுத்து, இன்னும் மலிவான ஏ.டி.மெகா8 சிப்புக்கு ஏற்றபடி மாற்றினார்கள். 8 கிலோபைட் நிரல் இடமும் 1 கிலோபைட் நினைவகமும் உள்ள சிப் அது. அன்றைக்கே பொறியாளர்கள் அதைச் சின்னச் சிப் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

விலையை அவர்கள் தீர்மானித்த விதம்தான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. பாகங்களின் அடக்கவிலையைக் கூட்டி, லாபம் சேர்த்து விலை போடுவது வழக்கம். இவர்கள் விலையை முதலில் வைத்தார்கள். ஒரு மாணவர் வெளியே போய் பீட்சா சாப்பிட்டு வரும் செலவில் போர்டு கிடைக்க வேண்டும்; ஏறக்குறைய 30 டாலர். பிறகு அந்த விலைக்குள் அடங்கும்படி போர்டை வரைந்தார்கள். கல்லூரி பட்ஜெட்டில் வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் சாமானாக இல்லாமல், மாணவர் தன் கைக்காசில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், பயமில்லாமல் எரித்துவிடக்கூடிய பொருளாக அது இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதனால்தான் சிப்பை போர்டோடு சேர்த்துப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகினார்கள். தப்பாக ஒயர் கொடுத்து எரிந்துபோனால் சிப்பை மட்டும் பிடுங்கிவிட்டு வேறொன்று போட்டுக்கொள்ளலாம். ப்ரோகிராமர் கருவியும் வேண்டாம். பூட்லோடர் என்ற சிறு நிரல் சிப்புக்குள் முன்கூட்டியே உட்கார்ந்திருந்து, கேபிள் வழியே வரும் நிரலைத் தானே வாங்கி எழுதிக்கொள்ளும். 13-ஆம் எண் பின்னில் ரெசிஸ்டரை உள்ளேயே வைத்து, பக்கத்திலேயே கிரவுண்ட் பின்னையும் வைத்தார்கள். எல்.இ.டி.யின் நீளக் காலை 13-இலும் குட்டைக் காலை கிரவுண்டிலும் செருகினால் போதும், ஒரு ஒயர்கூட இல்லாமல் அது கண் சிமிட்டும். அந்த முதல் வெற்றி பத்தே நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது.

போர்டின் நிறம் நீலம். மற்ற போர்டுகள் எல்லாம் பச்சையாக இருந்தபோது தனித்துத் தெரிய அதுவும் உதவியது. பெயர் அவர்கள் கூடிப் பேசும் மதுக்கடையிலிருந்து வந்தது. 1002-இல் இத்தாலியின் அரசராகி, பின்னால் ஜெர்மானிய அரசர் இரண்டாம் ஹென்றியிடம் ஆட்சியை இழந்த உள்ளூர் மன்னர் ஆர்டுயினின் பெயரைத் தாங்கிய கடை அது.

விற்பனைக்கு முன்னால் ஒரு சோதனை செய்தார்கள். பாகங்கள் பொருத்தாத 300 வெற்று போர்டுகளை இன்ஸ்டிட்யூட் மாணவர்களிடம் கொடுத்து, செய்முறையைப் பார்த்து நீங்களே பொருத்துங்கள், அதைக் கொண்டு ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். வந்த சாமான்களில் ஒன்று, கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் அலாரம் கடிகாரம். இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று பொத்தானை அமுக்கும்போதெல்லாம் அது இன்னும் மேலே ஏறிவிடும். கடைசியில் எழுந்து நின்றுதான் நிறுத்த வேண்டும். எந்த எலெக்ட்ரானிக்ஸ் பாடப்புத்தகத்திலும் வராத சாமான் இது. வாங்கப்போகிறவர்கள் யார், எதற்காக வாங்குவார்கள் என்பதற்கான முதல் தடயமும் இதுதான்.

இதே சமயத்தில் இன்ஸ்டிட்யூட்டுக்கு நாள் நெருங்கிவிட்டது. பணம் நின்றது, 2005-இல் அது மிலானின் டோமுஸ் அகாடமியோடு இணையப் போவது தெரிந்துவிட்டது. மூடும் நிறுவனத்தோடு தங்கள் வேலையும் ஏதோ ஒரு வழக்கறிஞரின் கோப்புக்குள் போய்விடுமோ என்று பான்சி குழு பயந்தது. அதனால் போர்டின் வரைபடங்களை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். யாரும் பார்க்கலாம், மாற்றலாம், செய்து விற்கலாம். ஆர்டுயினோ என்ற பெயரை மட்டும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். இதை ஒரு கொள்கை அறிவிப்பாகப் பிற்காலத்தில் பலர் பேசினாலும், அந்த நேரத்து அவசரமும் அதில் பாதி இருந்தது.

தயாரிப்பை அந்த வட்டாரத்துக்காரரான ஜான்லூகா மார்ட்டினோ ஏற்றுக்கொண்டார். ஒலிவெட்டி விட்டுச்சென்ற பட்டறைத் திறன் இங்கே கைகொடுத்தது. சிறு எண்ணிக்கையில் செய்ய வெளிநாடு ஓட வேண்டியிருக்கவில்லை. முதல் ஆர்டர் பான்சியின் நண்பர் ஒருவரிடமிருந்து வந்தது. எத்தனை? ஒன்றே ஒன்று.

விளம்பரத்துக்குப் பணம் இல்லை. ஆனால் குழுவில் இருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் வகுப்பு எடுப்பவர்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஐ.டி.பி. பிரிவில் பாடம் நடத்திய டாம் ஐகோ குழுவில் சேர்ந்தது இந்த வகையில் பெரிய திருப்பம். டான் ஓசல்லிவனோடு சேர்ந்து அவர் எழுதிய 'ஃபிசிக்கல் கம்ப்யூட்டிங்' 2004-இல் வெளிவந்திருந்தது. கலைஞர்களுக்கு மைக்ரோகண்ட்ரோலர் கற்பிக்கும் ஆசிரியர்களிடையே அவருக்குப் பெயர் இருந்தது. ஒரு கடைக்காரர் ஒரு போர்டை ஒருவருக்கு விற்கிறார். ஓர் ஆசிரியர் இந்த போர்டை வைத்துத்தான் வகுப்பு என்று முடிவுசெய்தால், அந்த வகுப்பு முழுவதும் வாங்குகிறது, அடுத்த வருடம் அடுத்த வகுப்பு வாங்குகிறது, படித்து முடித்தவர்களில் சிலர் வேறு ஊரில் ஆசிரியராகி அதையே கற்பிக்கிறார்கள். மலிவான போர்டுக்குச் சந்தை தேடுகிறவர்கள் முதலில் தேட வேண்டியது ஆசிரியர்களைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாரலாக்ஸும் இதைப் புரிந்துகொண்டிருந்தது. ஆனால் அதன் விலையில் மாணவர்கள் சொந்தமாக வாங்குவது கடினமாக இருந்தது.

அடுத்த கட்டம் கடைகள். அமெரிக்காவின் கொலராடோவில் நேதன் சீடில் மாணவராக இருந்தபோது 2003-இல் ஸ்பார்க்ஃபன் தொடங்கியிருந்தார். எம்.ஐ.டி.யில் படித்த லிமோர் ஃப்ரீட் 2005-இல் ஏடாஃப்ரூட் தொடங்கினார். பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் பாகத்தின் எண்ணைக் கேட்டு, பொட்டலம் கட்டிக் கொடுத்தன. இவர்கள் பாகத்தோடு பாடத்தையும் கொடுத்தார்கள். எந்தக் காலை எங்கே செருக வேண்டும், எந்த வரியைத் தட்ட வேண்டும், எரியாவிட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்று படத்தோடு, இலவசமாக. 2005-இல் தொடங்கிய 'மேக்' பத்திரிகையும், 2006-இல் கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோவில் அது நடத்திய முதல் மேக்கர் ஃபேர் விழாவும், வீட்டில் உட்கார்ந்து ஏதாவது செய்துபார்க்கும் ஆசையுள்ளவர்களை ஓரிடத்தில் சேர்த்தன. ஆர்டுயினோவுக்குக் காத்திருந்த கூட்டம் அதுதான்.

போர்டின் மேல் அப்படியே பொருந்தி உட்காரும் துணை போர்டுகளுக்கு ஷீல்டு என்று பெயர். மோட்டார் ஓட்ட ஒன்று, பாட்டு வாசிக்க ஒன்று, நெட்வொர்க்கோடு இணைக்க ஒன்று. இவற்றைச் செய்து விற்றவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். ஒவ்வொரு ஷீல்டும் புதிதாக ஒரு கூட்டத்துக்கு ஆர்டுயினோவை வாங்கக் காரணம் தந்தது. இதில் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று உண்டு. ஆர்டுயினோ போர்டைக் கையில் எடுத்து, மேல் விளிம்பில் 7, 8 எண் பின்களுக்கு நடுவே பாருங்கள். மற்றப் பின்களுக்கிடையே 2.54 மில்லிமீட்டர் இடைவெளி. இங்கே மட்டும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். வரையும்போது நேர்ந்த பிழை. துளை அட்டைகளும் பிரெட்போர்டுகளும் 2.54-இன் மடங்கிலேயே இருப்பதால் அவை இதில் ஒழுங்காகப் பொருந்தாது. ஆனால் அந்த இடைவெளிக்கேற்ப ஷீல்டுகள் சந்தைக்கு வந்துவிட்ட பிறகு திருத்தினால் அத்தனை பேரின் சரக்கும் வீணாகும் என்று அப்படியே விட்டார்கள். பின்னால் வந்த யூனோ என்ற போர்டிலும் அந்தக் கோணல் அப்படியே இருக்கிறது. தன்னை நம்பித் தொழில் செய்தவர்களை நடுத்தெருவில் விடாத அந்த முடிவை, எந்தத் தொழில்நுட்ப மேம்பாட்டுக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

புதிய வாங்குபவர்களைத் தேடியதில் லியா பீக்லியின் பெயரைச் சொல்லாமல் விட முடியாது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த அவர், துணியில் தைக்கக்கூடிய வட்டமான போர்டை வடிவமைத்தார். ஒயருக்குப் பதில் மின்சாரம் கடத்தும் நூல். பின்னுக்குப் பதில் ஊசி நுழையும் துளைகள். ஸ்பார்க்ஃபன் 2007-இல் அதை லிலிபேட் ஆர்டுயினோ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. சட்டை, பை, தொப்பி என்று தைத்தவற்றில் விளக்குகள் எரிந்தன. பீக்லியும் பெஞ்சமின் மேக்கோ ஹில்லும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான ஆர்டுயினோ செய்முறைகள் பெரும்பாலும் ஆண்களுடையவையாக இருக்க, லிலிபேட் செய்முறைகளில் பெரும்பான்மை பெண்களுடையவை என்று தெரிந்தது. உள்ளே இருக்கும் சிப் ஒன்றேதான். போர்டின் உருவத்தையும் அது கிடைக்கும் இடத்தையும் மாற்றியதும் வேறொரு உலகமே வாங்க வந்தது. பெண்களுக்கு எலெக்ட்ரானிக்ஸில் ஆர்வம் இல்லை என்று அதுவரை சொல்லிவந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

போர்டும் இதற்கிடையில் திருந்திக்கொண்டே வந்தது. முதல் போர்டில் இருந்த சீரியல் போர்ட் லேப்டாப்களிலிருந்து மறைந்துகொண்டிருந்தது, யு.எஸ்.பி. வந்தது. நிரலை ஏற்றுவதற்குச் சற்று முன்னால், சரியான நொடியில், ரீசெட் பொத்தானை அமுக்க வேண்டியிருந்தது பலரைத் தடுமாற வைத்தது. 2007-இல் வந்த போர்டு அதைத் தானே செய்துகொண்டது. அந்த போர்டின் பெயர் டியெச்சிமிலா. இத்தாலிய மொழியில் பத்தாயிரம். தயாரிப்பு 10,000 போர்டுகளைத் தாண்டியதைக் கொண்டாட வைத்த பெயர்.

வரைபடத்தைத் திறந்துவிட்டதால் போலிகள் வருமே, விற்பனை படுத்துவிடாதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. வந்தன. ஃப்ரீடுயினோ என்ற பெயரில் வந்தது. ஷென்ஜெனில் 2008-இல் தொடங்கிய சீட் ஸ்டூடியோ சீடுயினோ என்ற பெயரில் செய்தது. இவை உரிமத்தை மதித்தவை. பெயரைக்கூடத் திருடாமல் மாற்றி வைத்துக்கொண்டவை. பின்னால் பெயரையும் சேர்த்தே நகலெடுத்தவை ஏராளமாக வந்தன. அசல் போர்டின் விலை 2010-இல் நம் பணத்தில் 1,300 ரூபாய்க்கு மேல். இறக்குமதி வரியும் தபால் செலவும் தனி. இத்தாலிய மாணவருக்கு ஒரு பீட்சா என்று கணக்குப் போட்ட விலை, நம் ஊர் மாணவருக்கு மாதக் கைச்செலவையே விழுங்கக்கூடியது. சென்னை ரிச்சி தெருவின் கடைகளில் சி.எச்.340 என்ற மலிவான யு.எஸ்.பி. சிப் வைத்த சீன நகல்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான், இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றாலே ஆர்டுயினோ என்ற நிலை நம் பொறியியல் கல்லூரிகளில் வந்தது. அந்த நகல்களால் இவ்ரியாவுக்கு ஒரு காசு வரவில்லை. ஆனால் அவற்றில் ஓடிய மென்பொருள் ஒன்றே, படித்த பாடம் ஒன்றே. இந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது என்பதில் ஆர்டுயினோ குழுவுக்குள்ளேயே ஒருமித்த மனநிலை இருந்திருக்க முடியாது.

அசல் போர்டுகளும் குறையவில்லை. அட்ரியன் போயர் 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரெப்ராப் திட்டத்தின் முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் பலவற்றுக்கு ஆர்டுயினோ மெகா மூளையானது. ஆண்ட்ராய்டு போன்களோடு வெளிக் கருவிகளை இணைக்க 2011-இல் கூகுள் கொடுத்த தொகுப்பும் ஆர்டுயினோவை அடிப்படையாகக் கொண்டதுதான். அந்த வருட நடுவில் அசல் போர்டுகளின் எண்ணிக்கை 3,00,000-ஐத் தாண்டியது, 2013-இல் 7,00,000.

இந்தக் காலம் முழுவதும் தொழில்முறைப் பொறியாளர்களின் குறை ஒன்றுதான்: இது பழைய 8 பிட் சிப், இதே விலையில் பல மடங்கு வேகமான போர்டுகள் இருக்கின்றன. உண்மைதான். சிப் கம்பெனிகளே தங்கள் போர்டுகளை அடக்க விலைக்கும் கீழே விற்றுப்பார்த்தன. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2010-இல் லாஞ்ச்பேட் என்ற போர்டை 4.30 டாலருக்கு விற்றது; ஆர்டுயினோவின் விலையில் ஏழில் ஒரு பங்கு. அப்படியும் புதிதாகப் பழக வந்தவர்கள் ஆர்டுயினோவின் பக்கமே போனார்கள். ஐந்து வருடத்தில் சேர்ந்திருந்த பாடங்களும் புத்தகங்களும் ஷீல்டுகளும் ஆசிரியர்களும் அந்தப் பக்கம் இருந்தார்கள்.

யூனோ வந்ததும் அதே 2010-இல்தான். அதற்குள் ஒரு சிக்கல் உள்ளுக்குள் வளர்ந்திருந்தது. வரைபடத்தையும் நிரலையும் உலகத்துக்கே கொடுத்துவிட்டு, பெயர் ஒன்றை மட்டும் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள் அல்லவா? அந்தப் பெயரை இத்தாலியில் 2008 இறுதியில் மார்ட்டினோவின் பக்கம் பதிவு செய்திருந்தது. ஐவருமாகச் சேர்ந்து அமெரிக்காவில் தொடங்கியிருந்த நிறுவனம் அங்கே பதிவுக்கு முயன்றது. ஐந்து நண்பர்களின் அந்தப் பெயர் வழக்கையும், அதே வருடங்களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து 35 டாலருக்கு வந்து இறங்கிய முழுக் கணினியையும் அடுத்த வாரம் சேர்த்தே பார்ப்போம்.